மூன்றாவது பந்து

போன மாதக் கலியாண வீட்டில், சோற்றுச் சஹன் தட்டைச் சுற்றி இருந்துகொண்டு நீங்கள் சொன்ன கதை என் காதில் விழுந்தது. "இவதான், டிவில பாத்துட்டு ஹாஜியார்ட பந்துக்கு முன்னுக்கு ஓடி அடிச்சி, வாப்பாட வீட்ட இல்லாமலாக்கினவ" என்றீர்கள். உங்கள் மருமக்கள்மார் எல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் இறைச்சித் துண்டை வாய்க்குள் தள்ளிக்கொண்டு சிரித்தேன். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் நெஞ்செரிவு. இறைச்சியைக் குறை சொல்லமாட்டேன், உங்களைத்தான் சொல்வேன்.

முழங்கால் தேய்ந்து, கதிரையில் இருந்து தொழுகிற வயதுக்கு எல்லாரும் வந்துவிட்டோம். இனியாவது சரியாகக் கதையுங்கள். முதலில், நான் டிவியில் பார்த்து டென்னிஸ் பழகவில்லை. எங்கள் வீட்டில் டிவியே இருக்கவில்லை. உங்களோடுதான் பழகினேன், உப்புப் பாத்தியில். ஐந்தாறு பேர் இருந்தோமே, மறந்துபோச்சா? எனக்கு மறக்கவில்லை.

ஒழுகுகிறதென்று கைவிட்ட அந்தக் கடைசிப் பாத்தியைச் சொல்கிறேன். சோளகக் காற்று அடிக்கிற மாதங்களில் களப்புத் தண்ணீர் வற்றி, பாத்தியின் களிமண் தரை பாறையாய்க் காய்ந்திருக்கும். வெயில் உப்பில் பட்டுத் திரும்பி மூஞ்சியைக் கீழிருந்து சுடும். கால் வெடிப்புக்குள் உப்பு இறங்கினால் உச்சந்தலை வரைக்கும் எரியும். நமக்கு மட்டை கிடையாது. உப்பு இழுக்கிற பலகை உடைந்தால், கைப்பிடியைக் குட்டையாக வெட்டி அதுதான் மட்டை. பந்து, ஹாஜியாரின் மதிலுக்கு மேலால் வந்து விழுந்து, உரோமமெல்லாம் போய், உப்பு ஊறி, தேங்காய்க் குரும்பட்டி கணக்காய்க் கனத்துக் கிடக்கும். அது எழும்பாது. கணுக்கால் உயரம் வந்தாலே பெரிய காரியம். எழும்பட்டும் என்று பார்த்துக்கொண்டு நின்றால், தரை வெடிப்பில் பட்டு எங்கேயாவது ஓடிவிடும். ஆகவே பந்து விழப்போகிற இடத்துக்கு நாம் ஓட வேண்டும். முழங்காலை மடித்து, பலகையை நிலத்தோடு ஒட்டி, பட்ட கையோடே திருப்பி அனுப்ப வேண்டும். வேறு வழி நமக்குத் தெரியாது. "எழும்ப விடாத, எழும்ப விடாத" என்று நீங்கள்தானே கத்தினீர்கள்! தொண்டை கிழியக் கத்தியவர்கள்தான் இப்போது டிவி என்கிறீர்கள்.

மதிலுக்கு அந்தப் பக்கம்தான் சீமெந்து மைதானம். ஹாஜியாரின் வாப்பா காலத்தில் கட்டியதாம். யுத்தம் மும்முரமாக நடந்த காலத்தில் அதில் கருவாடு காயப்போட்டிருந்தார்கள். நான் பிறந்த வருஷம் சண்டை கொஞ்சம் ஓய்ந்ததும் அதைத் திரும்பக் கழுவி, கோடு கீறி, கிழிந்த வலைக்குப் பள்ளிவாசல்துறையில் வாங்கிய மீன் வலைத் துண்டைத் தைத்துப் போட்டிருந்தார்கள். எவ்வளவு கழுவியும் மத்தியான வெயிலில் கருவாட்டு நாற்றம் போகவில்லை. அடிக்கடி கழுதை ஏறி நடுவில் நின்றுவிடும். பின்னேரம் அசர் தொழுதுவிட்டு ஊர்ப் பெரிய மனிதர்கள் அங்கே டென்னிஸ் ஆட வருவார்கள்.

ஹாஜியார் யார் என்று உங்கள் மருமக்களுக்குச் சொல்லவேண்டும். உப்பளம் அவருடையது, பள்ளிவாசல் தலைவரும் அவர்தான். தொண்ணூறில், யுத்தத்துக்குள், மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு, உடுத்த சாரத்தோடு புத்தளத்துப் பக்கம் வந்த நம்முடைய ஆட்கள் குடிசை போட்ட தென்னங்காணியும் அவருடையதுதான். அதை நன்மைக்காகத்தான் கொடுத்தார், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கொடுத்ததை மறக்க விடமாட்டார். நான் அந்தக் குடிசையிலேயே பிறந்தவள். மன்னாரைக் கண்ணாலும் கண்டதில்லை. என்றாலும் பள்ளிக்கூடத்தில் "அகதிப் புள்ள" என்றுதான் பெயர். யுத்தம் முடிந்ததும் அது இன்னும் மோசமாகியது. கடைக்குப் பாண் வாங்கப் போனாலும், "இப்ப எல்லாம் சரிதானே, எப்ப ஊருக்குப் போற?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார்கள். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இப்போதும் பல்லைக் கடிக்க வருகிறது.

வாப்பா ஹாஜியாரின் உப்பளத்தில் மேற்பார்வை வேலை செய்தார். மன்னார்க் கச்சேரியில் பியோனாக இருந்த காலத்தில் உத்தியோகத்தர்மாரோடு டென்னிஸ் ஆடிப் பழகியவர். அவரிடம் ஒரு மர மட்டை இருந்தது. நரம்பு அறுந்த இடமெல்லாம் மீன்பிடிக்கிற தங்கூசி கட்டியிருப்பார். பந்து பட்டால் 'டொங்' என்று தகரத்தில் தட்டுகிற சத்தம் வரும். ஹாஜியார் உம்றாப் பயணம் போயிருந்த கிழமை வாப்பா டாக்குத்தரோடு ஆடியதை மதிலில் ஏறி நின்று பார்த்தேன். அரசாங்க ஆஸ்பத்திரி டாக்குத்தர், சிலாபத்துப் பக்கம், முப்பது வயது ஆள். அவரை வாப்பா மூலைக்கு மூலை ஓடவிட்டு நாக்குத் தள்ளவைத்தார். மனிசன் சீமெந்தில் மல்லாந்து படுத்தே விட்டார்.

அந்த வாப்பா ஹாஜியாருக்கு முன்னால் வேறு ஆள். ஒவ்வொரு நாளும் பொழுதுபட்டு மஃரிப் பாங்கு சொல்ல முந்தி ஒரு கடைசி ஆட்டம் உண்டு. அதில் ஹாஜியார்தான் சேர்வ் போடுவார். எதிரில் நிற்பது வாப்பா. அந்த ஆட்டத்தை வென்ற பிறகுதான் ஹாஜியார் தொழுகைக்கு வுளூச் செய்யப் போவார். பதினொரு வருஷமாக அதில் அவர் தோற்றதே இல்லை. அறுபது வயதில் தோளை முறுக்கிப் பலமாகத்தான் போடுவார், அது உண்மை. ஆனால் அவர் பந்தை மேலே எறிந்த உடனே வாப்பா இரண்டு அடி பின்னுக்குப் போவார். எல்லாரும் போவார்கள். அதுதான் அங்கே மரியாதை. பின்னுக்குப் போய், பந்து எழும்பி, களைத்து, கீழே இறங்கும் வரைக்கும் காத்திருந்து மெதுவாகத் தட்டுவார். நான் பார்த்துப் பார்த்து வயிறெரிந்தேன்.

"ஏன் வாப்பா தோக்கிறீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வாயப் பொத்து" என்றார்.

உம்மாதான் பிறகு சொன்னா. வீடு நிற்கிற பத்துப் பேர்ச் காணியை எங்கள் பெயருக்கே உறுதி எழுதித் தருவதாக ஹாஜியார் சொல்லியிருந்தாராம். நொத்தாரிசு வந்து கையெழுத்து வைத்துவிட்டால், எப்ப ஊருக்குப் போற என்று எந்த நாயும் கேட்க ஏலாது. அந்த ஒரு உறுதிக்காகத்தான் வாப்பா பின்னுக்குப் போய்க்கொண்டிருந்தார். ஒவ்வொரு பெருநாளும், அடுத்த பெருநாள் என்று ஹாஜியார் சொல்வாராம். அந்த வருஷம்தான் நாள் குறித்திருந்தார், வருகிற வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு.

அந்தக் கிழமைதான் வாப்பாவுக்குக் காலில் உப்புப் புண் வந்தது. நடக்கவே நொண்டினார். திங்கட்கிழமை மாலை, அவருடைய மட்டையை நான் மடியில் வைத்துக்கொண்டு மைதானத்து ஓரத்தில் இருந்தேன். டாக்குத்தர் ஆடிக் களைத்துத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். கடைசி ஆட்டத்துக்கு ஆள் இல்லை. ஹாஜியார் சுற்றிப் பார்த்துவிட்டு என்னைக் கண்டார்.

"எங்க, உன்ட மகள வரச் சொல்லு. சும்மா நிண்டாப் போதும், நான் மெதுவாப் போடுறன்."

வாப்பா சிரித்து, போ என்று தலையாட்டினார். பன்னிரண்டு வயதுப் பிள்ளை, ஒன்றும் ஆகாது என்று நினைத்திருப்பார். பாத்தியில் நாம் என்ன செய்தோம் என்று ஒருநாளாவது அவர் எட்டிப் பார்த்திருந்தால்தானே!

நான் பாத்தியில் நிற்கிற இடத்தில்தான் போய் நின்றேன், முன்னுக்கு, சேர்வ் வந்து விழுகிற கட்டத்துக்குக் கிட்டவே. ஹாஜியார் பந்தை எறிந்ததும் இன்னும் இரண்டு எட்டு முன்னுக்கு ஓடினேன். பந்து தரையில் பட்டது, பட்ட கையோடே அடித்தேன். 'டொங்'. பந்து போன வேகத்திலேயே திரும்பிப் போய் அவருடைய செருப்புக்குப் பக்கத்தில் விழுந்தது. அவருடைய கை இன்னும் கீழே இறங்கவில்லை. அந்தச் சீமெந்து மைதானத்துப் பந்து நம்முடைய உப்புப் பந்து மாதிரிப் பொல்லாததல்ல, பஞ்சு. எவ்வளவு லேசு என்று எனக்கே சிரிப்பு வந்தது.

இரண்டாவதைக் கொஞ்சம் பலமாகப் போட்டார். அதுவும் போனது.

"என்ன புள்ள நீ, இமாமுக்கு முன்னால போய் நிக்கிற மாதிரி நிக்கிற? பின்னுக்குப் போ!" என்றார்.

நான் போகவில்லை. எனக்கு ஹாஜியாரின் மூஞ்சி தெரியவில்லை. பாண் கடையின் சிரிப்புத்தான் தெரிந்தது. மூன்றாவதை முழுப் பலத்தோடு என் நெஞ்சுக்கு நேரே போட்டார். கட்டத்துக்கு வெளியே போகிற மாதிரி வந்த பந்து, பிழை என்று விட்டிருக்கலாம். விடவில்லை. முன்னுக்குப் பாய்ந்து, கோட்டில் பட்ட கையோடே அடித்தேன். நாலாவதுக்கு அவருடைய கால் தடுக்கியது. ஆட்டம் முடிந்தது. ஒரு புள்ளிகூட அவருக்கு இல்லை.

டாக்குத்தர் கோப்பையை வைத்துவிட்டுக் கைதட்டினார். "ஹாஃப் வொலி! சேர்வுக்கே ஹாஃப் வொலி அடிக்குது பிள்ளை! மகள், டிவி பாத்துத்தானே பழகின?" என்றார், அவருடைய சிங்களத் தமிழில். பட்ட கையோடே அடிக்கிறதுக்கு அதுதான் பெயராம். டிவிக் கதை அவருடைய வாயிலிருந்துதான் கிளம்பியது. பாங்கு கேட்டது. ஹாஜியார் துவாயால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு பள்ளிக்குப் போனார்.

வீட்டில் உம்மா அகப்பைக் காம்பால் அடித்தா. அது பரவாயில்லை. வாப்பா அடிக்கவில்லை, தலையில் கையை வைத்துக்கொண்டு படிக்கட்டில் இருந்தார்.

"வெள்ளிக்கெழம உறுதி எழுதுறார் எண்டு தெரியும்தானே உனக்கு? எங்கட வாயில மண்ண அள்ளிப் போட்டிட்டியே!"

"நான் சரியாத்தானே வாப்பா அடிச்ச?"

"சரியா அடிச்சதுதான் புள்ள பிழை."

அடுத்த நாள் காலை என்னைப் பாத்திக்குக் கூட்டிப்போனார், நொண்டி நொண்டி. டென்னிஸில் அவர் எனக்குச் சொல்லித்தந்தது ஒன்றே ஒன்றுதான், தோற்கிறது எப்படி என்று. உங்களில் யாருக்கும் இது தெரியாது. அவர் எறிந்த உடனே இரண்டு அடி பின்னுக்குப் போ. முதல் பந்தைக் கோட்டுக்கு வெளியே விடு, ஆனால் கொஞ்சம்தான் வெளியே. இரண்டாவதை வலையில் அடி. "மூணாவத மட்டும் நீ எடு. அப்பதான் நம்புவார். நாலாவதும் அஞ்சாவதும் அவருக்கு." விரலை மடித்து மடித்துச் சொன்னார். நான் அழுதுகொண்டே பலகையால் தோற்றுத் தோற்றுப் பழகினேன். "ஆ, இப்ப சரி" என்று முதுகில் தட்டினார். என்னுடைய ஆட்டத்தை அவர் மெச்சியது அந்த ஒரு தடவைதான். இதை எழுதும்போதும் எனக்கு உடம்பு கொதிக்கிறது.

அன்று மாலை வாப்பா போய், "மகள் தெரியாமச் செஞ்சிட்டா, மன்னிப்புக் கேக்க வந்திரிக்கா, ஒரு ஆட்டம் ஆடட்டும் ஹாஜியார்" என்றார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது, ஹாஜியார் கோபமாகவே இல்லை. புதுச் சப்பாத்து போட்டிருந்தார். "ஓம், ஓம், வரட்டும். இண்டைக்கு விடமாட்டன்" என்று கையைத் தேய்த்தார். சின்னப் பிள்ளைக்கு வருகிற மாதிரி ஒரு சந்தோஷம் அந்த மூஞ்சியில். அந்த மூஞ்சியின் அர்த்தம் எனக்கு இருபது வருஷம் கழித்துத்தான் விளங்கியது. மனிசனுக்குப் பதினொரு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு ஆட்டம் கிடைத்திருந்தது. வாப்பாவுக்கு அது கடைசிவரை விளங்கவில்லை.

ஹாஜியார் பந்தை எறிந்தார். நான் இரண்டு அடி பின்னுக்குப் போனேன். பந்து வெளியே. இரண்டாவது வலையில். மூன்றாவதை மெதுவாக ஓரத்தில் வெட்டி விட்டேன், அது எனக்கு.

ஹாஜியார் நாலாவது பந்தைப் போடவில்லை. அதைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே நின்றார். என்னைப் பார்த்தார். பிறகு கதிரையில் காலை நீட்டிக்கொண்டிருந்த வாப்பாவைப் பார்த்தார்.

"மூணாவது" என்றார்.

வாப்பா எழும்பப் பார்த்தார்.

"பதினொரு வருஷம். ஒவ்வொரு நாளும் மூணாவது பந்து உனக்கு. நான் அத உன்ட அதிர்ஷ்டம் எண்டு நெனச்சன். இப்ப உன்ட மகளுக்கும் அதே மூணாவது. என்ன, என்னப் பேயனெண்டா நெனச்ச? ஊரெல்லாம் பாத்துச் சிரிச்சிரிக்கும், என்ன?"

"அல்லாவே, அப்பிடி இல்ல ஹாஜியார்..."

"இந்தப் புள்ள நேத்து என்ன மனிசனா மதிச்சி அடிச்சா. நீ ஒருநாளும் மதிக்கல்ல."

மட்டையை உறைக்குள் போட்டார். பாங்குக்கு இன்னும் நேரம் இருந்தது, அவர் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை நொத்தாரிசு வரவில்லை. கணக்கப்பிள்ளைதான் வந்தார். "யுத்தம் முடிஞ்சிதானே, ஊருக்குப் போகச் சொல்லட்டாம். ரெண்டு கெழம." உங்கள் வாப்பாமார் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உங்கள் குடிசைகளும் அவருடைய காணியில்தானே நின்றன. அதை இப்போது குத்திக் காட்டக் கூடாதுதான். காட்டுகிறேன்.

லொறியில் அலுமாரி, கட்டில், தகரம் எல்லாம் ஏற்றி முடிந்த காலையில் ஹாஜியார் தானே வந்தார், கையில் மட்டையோடு. வாப்பாவின் கால் புண் அதற்குள் ஆறியிருந்தது.

"ஒரு ஆட்டம். உண்மையா ஆடு. நீ வெண்டா லொறிய எறக்கு, நொத்தாரிஸ இப்பவே கூப்புடுறன்."

சும்மா சொன்னதாக நினைக்காதீர்கள். அவர் சொன்னால் செய்கிற ஆள், கெட்டதையும் நல்லதையும். உம்மா லொறி வாசலைப் பிடித்துக்கொண்டு துஆ ஓதத் தொடங்கினா. வாப்பா பெட்டிகளுக்கிடையில் கையை விட்டு மர மட்டையை இழுத்தெடுத்தார். மைதானத்துக்குப் போகும் வழியில் என்னிடம் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் கேட்டார்.

"அந்த... முன்னுக்குப் போய் அடிப்பியே, அது எப்பிடிப் புள்ள?"

"பட்ட கையோட அடிங்க வாப்பா. எழும்ப விடாதீங்க."

"ஓம்" என்றார். "ஓம், ஓம்."

போய் முன்னுக்குத்தான் நின்றார், நான் நின்ற அதே இடத்தில். சாரத்தை மடித்துக் கட்டியிருந்தார். ஹாஜியார் பந்தை மேலே எறிந்தார். எறிந்த உடனே வாப்பாவின் கால் இரண்டு அடி பின்னுக்குப் போனது. பந்து கொஞ்சம்தான், கோட்டுக்கு வெளியே.

"முன்னுக்குப் போங்க வாப்பா!" என்று கத்தினேன்.

வந்தார். திரும்ப வந்து முன்னுக்கு நின்றார். பந்து மேலே போனது, கால் பின்னுக்குப் போனது. வலை.

மூன்றாவதை எடுத்தார். மெதுவாக ஓரத்தில் வெட்டி. எடுத்துவிட்டு அவரே திடுக்கிட்டுத் தன் கையைப் பார்த்தார்.

நாலாவது, ஐந்தாவது. தங்கூசி 'டொங், டொங்' என்றது. முடிந்தது.

ஹாஜியாரின் மூஞ்சி கறுத்துவிட்டது. "இப்பவுமா?" என்றார். "லொறியும் ஏத்தின பொறகு, இப்பவுமா என்ன ஏமாத்துற? உண்மையா ஆடச் சொன்னனே!"

"உண்மையாத்தான் ஆடின ஹாஜியார்" என்றார் வாப்பா.

அந்த மைதானத்தில் அதை நம்பியது நான் ஒருத்திதான். ஹாஜியார் துப்பிவிட்டு நடந்தார். வாப்பா மட்டையை வலைக்குப் பக்கத்தில் சாத்திவிட்டு வந்து லொறியில் ஏறினார். அது அங்கேயே கிடந்துபோனது, பிறகு நாங்கள் அதைக் காணவில்லை.

லொறி எத்தாளை தாண்டி, புத்தளம் தாண்டி, வண்ணாத்திவில்லுச் சந்திக்கு வந்தது. நான் வாப்பாவின் தோளுக்குப் பக்கத்தில் ஒடுங்கிக்கொண்டிருந்தேன். ஏதாவது சொல்லித் தலையைத் தடவுவார் என்று ஒரு நப்பாசை. பன்னிரண்டு வயதுதானே.

"நீ அண்டைக்கு ஒழுங்காத் தோத்திருந்தா..." என்றார், ரோட்டைப் பார்த்துக்கொண்டே.

மன்னாரில் இருபத்தைந்து வருஷம் இருந்து மவுத்தானார். வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் அந்தக் கதையைத்தான் சொன்னார், நீங்கள் சொல்கிற அதே கதையை. மகள் முன்னுக்குப் போய் அடித்தாள், வீடு போச்சு. நான் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போவேன். ஒருநாள், ஒரே ஒருநாள், அவர் முன்னால் நின்று சொல்லியிருக்கலாம். நான் ஒழுங்காகத்தான் தோற்றேன் வாப்பா. நீங்கள் சொல்லித்தந்த மாதிரியே, மூன்றாவதை மட்டும் எடுத்து.